மின்மூளைக்குத் தெரியாத தாவல்

வாசிகசாலைக் கதவு திறந்தாக வேண்டும். நாகலெட்சுமிக்கு வேறு எண்ணமே இல்லை. அதற்காக முத்துலிங்கத்தோடு சதுரங்கம் ஆட வேண்டுமென்றால் ஆடுவாள். மல்லுக்கட்டச் சொல்லியிருந்தால் அதற்கும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்திருப்பாள்.

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவள் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தாள். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப்போவார்கள். அது அறுபத்து நாலாம் வருஷக் கடைசி. தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொள்ள இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருந்தன. யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கேயே இருப்பது என்று ஆட்கள் குடியிருந்த லயமெல்லாம் ஒரே பேச்சு. பேப்பரும் ரேடியோவும் வாசிகசாலையில் இருந்தன, வாசிகசாலையோ ஆம்பிளைகளுக்கு மட்டும். உள்ளே போய் வந்தவன் ஒவ்வொருவனும் வாய்க்கு வந்ததைச் சொன்னான். புருஷன் இல்லாதவர்களைத்தான் முதலில் அனுப்பப்போகிறார்கள் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, தாலியறுத்த பேச்சியம்மா பானை சட்டியெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டாள். பாவம், சோறு இறங்கவில்லை அவளுக்கு.

நாகலெட்சுமிக்குப் படிக்கத் தெரியும். "ஞாயித்துக்கெழம எங்களுக்கும் தொறந்து விடுங்கய்யா, நான் படிச்சுச் சொல்லிக்கிறேன்" என்று வாசிகசாலைக் காரியதரிசி முத்துலிங்கத்திடம் கேட்டாள்.

கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் சிரித்தார். சதுரங்கத்தில் அவரை அந்தப் பக்கத்தில் யாரும் ஜெயித்ததில்லை. "மொதல்ல என்னைய ஜெயிச்சுட்டு உள்ள வாம்மா" என்றார், பத்துப் பேர் கேட்க. வாய்க்கொழுப்பு! அவள் தன் புருஷன் இராமையாவை ஆட்டத்துக்கு ஆட்டம் மண்ணைக் கவ்வ வைக்கிறவள் என்று அவருக்கு யார் சொன்னது?

"சரிங்கய்யா. நம்ம சட்டந்தானே?"

"பின்ன, வெள்ளக்காரன் சட்டமா?"

நம்ம சட்டத்தில் ராஜாவுக்கு ஒரு சலுகை உண்டு. ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை அவர் குதிரை மாதிரித் தாவலாம். அதற்கு முன்னால் எதிராளி செக் வைத்துவிட்டால் அந்தச் சலுகை போச்சு. அதனாலேயே எங்கள் ஆட்கள், பிரயோசனம் இருக்கோ இல்லையோ, ஆரம்பத்திலேயே ஒரு செக்கை வைத்துத் தொலைப்பார்கள். முத்துலிங்கமும் எப்போதும் வைக்கிறவர்தான்.

அன்றைக்கு அவர் புத்தி வேறெங்கோ இருந்தது. வாசிகசாலைச் சுவரில் ஒரு பேப்பர்த் துண்டு ஒட்டியிருந்தது. அமெரிக்காவில் சதுரங்கம் ஆடும் ஒரு மின்மூளை, அதாவது கம்ப்யூட்டர், யானையைப் பலி கொடுத்து எதிராளியைச் சாய்த்த ஆட்டம், படத்தோடு. மனுஷர் அதை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார்.

ஆட்டம் வாசிகசாலை வாசலில் நடந்தது. பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு முற்றத்தில் நின்றார்கள். நாகலெட்சுமி ராஜாவைத் தாவ விடாமல், கட்டம் கட்டமாக நடத்தியே ஒதுக்குப்புறம் கொண்டுபோனாள்.

"ராசாவுக்குக் கால் வலிக்கப் போகுது!" என்று ஒருவன் கேலி பண்ணினான். அவள் காதில் வாங்கவில்லை.

சற்று நேரத்தில் முத்துலிங்கத்தின் முகம் மலர்ந்தது. பலகை அச்சு அசலாக அந்தப் படம் போலவே ஆகிவிட்டது. யானையைத் தூக்கி நட்டநடுவில் வைத்தார், அவளுடைய குதிரை வெட்டும்படியாக.

"அட, மின்மூளை ஆட்டம்!" என்றார் ஹட்டனிலிருந்து துணி விற்க மூட்டையோடு வந்திருந்த ஹமீது நானா. "வெட்டாத தங்கச்சி. மெசினு கணக்குத் தப்பாது."

"ஏய் லெச்சுமி, தொடாதடி" என்று இராமையா பதறினான்.

அவள் பலகையை உற்றுப் பார்த்தாள். குதிரைதான் ராஜாவுக்குக் காவல். அது யானையை வெட்டப் போனால் முத்துலிங்கத்தின் ராணி உள்ளே இறங்கும்; அது செக் இல்லை, ஆனால் அதற்கடுத்த நகர்த்தலில் ராஜா தப்ப முடியாது. சிப்பாயைத் தள்ளினால்? மனசுக்குள் தள்ளிப் பார்த்தாள், ராஜா செத்தார். பக்கத்தில் ஒதுங்கினால்? அவளுடைய யானையே வழியை மறித்துக்கொண்டு நின்றது. வெட்டாமல் விட்டாலோ அந்த யானை இன்னும் உள்ளே வரும். மெசின் சும்மா ஆடவில்லை, சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. ஆனால் எந்தச் சட்டத்தில் போட்டது?

முதல் நகர்த்தலிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். முத்துலிங்கம் இதுவரை செக்கே வைக்கவில்லை! படத்தைப் பார்த்து ஆடுகிற மும்முரத்தில் மறந்துவிட்டார். ராஜா தாவினால் எங்கே போய் விழுவார் என்று பார்த்தாள். அந்தக் கட்டத்தை எந்தக் காயும் தொடவில்லை. இன்னொரு தடவையும் பார்த்துக்கொண்டாள். பேச்சியம்மாவின் மூட்டை ஞாபகம் வந்தது. யானையை வெட்டினாள்.

"போச்சு போ" என்று இராமையா தலையில் கை வைத்தான்.

முத்துலிங்கம் ராணியை இறக்கினார். "அவ்வளவுதாம்மா. போய்ப் புள்ளைங்களப் பாரு."

நாகலெட்சுமி ராஜாவைத் தூக்கி, சிப்பாய்களுக்கு மேலாகத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தாள்.

முத்துலிங்கம் பலகையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "இது... படத்துல இல்லையே?"

"இருக்காதுங்கய்யா. அந்த மெசினு நம்ம சட்டத்துல ஆடினதில்ல."

"யா அல்லாஹ், ஒரு செக்கு! மொதல்லயே ஒரு செக்கு வச்சிருந்தா மெசினு ஜெயிச்சிருக்குமே!" என்று ஹமீது நானா தொடையில் தட்டிக்கொண்டார்.

அப்புறம் என்ன, ஒரு யானை குறைந்தவர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? கொஞ்ச நேரம் முட்டி மோதிவிட்டு, தோற்றேன் என்று தன் ராஜாவைச் சாய்த்தார். சொன்ன சொல்லை மீறவில்லை, அந்த மட்டும் நல்ல மனுஷர். "நாற்காலி பத்தாதே" என்று மட்டும் முனகினார்.

"நாங்க தரையில உக்காந்துக்கிறோம்" என்று சொல்லி, நாகலெட்சுமி பெண்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

பேப்பரை விரித்து ஒப்பந்தத்தைப் பற்றிப் போட்டிருந்ததை ஒரு வரி விடாமல் படித்தாள். பேச்சியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"புருசன் இல்லாதவங்களத்தான் மொதல்ல அனுப்புறாங்களாமே? அது எங்க போட்டிருக்கு?"

நாகலெட்சுமி திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். "எங்கயும் போடலக்கா. யாரு போறது, யாரு இருக்கிறதுன்னு இன்னும் முடிவே ஆகல."

பேச்சியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவிங்களா! அப்ப நான் எதுக்குடி மூட்டை கட்டினேன்?"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். பிறகு எழுந்து, அடுப்புப் பாத்திரம் முழுக்க மூட்டைக்குள் கிடக்கிறது, போய் அவிழ்த்துச் சோறாக்க வேண்டும் என்று லயத்துக்கு நடந்தாள்.