எலுமிச்சைச் சர்க்கரை

எலுமிச்சம்பழத் தோலைத் துருவும்போது மஞ்சள் மட்டும்தான் வர வேண்டும். அடியிலிருக்கும் வெள்ளை கலந்துவிட்டால் கசப்பு. கையில் தேய்க்கிற சாமான் கசந்தால் என்ன, இனித்தால் என்ன என்று அவள் கணவர் ஒருமுறை கேட்டார். வெள்ளையில் எண்ணெய் கிடையாது, மஞ்சளில்தான் இருக்கிறது, அச்சு மை இளகுவதே அந்த எண்ணெயால்தான் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வர்ற மாதிரி வரணும், அவ்ளோதான்" என்று முடித்துக்கொண்டாள். இப்போதும் பழத்தை ஓரிடத்தில் அழுத்தாமல் உருட்டி உருட்டித் துருவிக்கொண்டிருந்தாள். தட்டில் ஈரமான மஞ்சள் பொடி குவிந்து, அடுப்பங்கரை முழுக்க வாசம் ஏறியிருந்தது.

காலையில் தம்பி போன் செய்திருந்தான். "அக்கா, சர்க்கரை சுத்தமா தீர்ந்துபோச்சு. இந்தத் தடவை பெரிய பாட்டிலா பண்ணிடேன். நானே வந்து எடுத்துக்கறேன்." அவனுக்கு அவள் செய்து கொடுப்பதில் எப்போதுமே ஓர் உரிமை. அவளுக்கும் அதில் ஒரு சந்தோஷம். போனை வைத்த கையோடு பழக்கூடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அச்சகம் கணவர் ஆரம்பித்தது. பழைய ஆஃப்செட் மிஷின் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து, கழற்றி மாட்டி, அதைப் பேச வைத்தவர் அவர். தம்பி படிப்பு ஏறாமல் வீட்டில் சும்மா இருந்த நாளில், "மச்சானை எங்கூட அனுப்பு, நான் பாத்துக்கறேன்" என்று கூட்டிப்போனார். இப்போது ஆர்டர் பிடிப்பது, கம்ப்யூட்டர், வருகிற போகிறவர்களிடம் பேசுவது எல்லாம் தம்பி. மிஷின் மட்டும் இவர். அப்போதெல்லாம் இரண்டு பேரும் மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டு வருவார்கள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, தட்டில் கை வைத்தாலே முகம் சுளிப்பார்கள். அந்த வெடிப்பைப் பார்க்கப் பொறுக்காமல் அவளாகக் கண்டுபிடித்ததுதான் இது. சர்க்கரை, எலுமிச்சைத் தோல், தேங்காய் எண்ணெய். முதல் பாட்டிலைக் கொண்டுபோன அன்று தம்பி அதை ஜாம் என்று நினைத்து ரொட்டியில் தடவித் தின்றுவிட்டான். "நல்லாத்தான்க்கா இருந்துச்சு, கொஞ்சம் தலைக்குத் தேய்ச்ச மாதிரி இருந்துச்சு" என்று அவன் சொன்னதைச் சொல்லிச் சொல்லி இவர் வருஷக்கணக்கில் சிரித்திருக்கிறார்.

துருவலைச் சர்க்கரையில் கொட்டி விரல் நுனிகளால் பிசைய ஆரம்பித்தாள். இதில் அவசரப்படக் கூடாது. எண்ணெயை முதலில் ஊற்றிவிட்டால் தோல் வழுக்கிக்கொண்டு போய்விடும், உள்ளே இருப்பதைத் தராது. வெறும் சர்க்கரையோடு சேர்த்து நசுக்கினால்தான் ஒவ்வொரு மணியும் மஞ்சள் பிடித்து, ஆற்றுமணல் போல ஈரமாகும். கூடவே, காயவைத்துப் பொடித்து வைத்திருந்த ஆரஞ்சுத் தோலையும் ஒரு கை போட்டாள். கணவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது தம்பி ஒரு பை நிறைய வாங்கி வந்த ஆரஞ்சு. ஒவ்வொன்றாக அவனே உரித்து மாமாவின் வாயில் ஊட்டிவிட்டான். பெற்ற பிள்ளை இருந்தால்கூட இப்படிச் செய்யுமா என்று அவள் அன்றைக்குக் கண் கலங்கினாள்.

காய்ச்சல் விட்டு, இவர் வேலைக்குக் கிளம்பச் சட்டையைத் தேய்த்து வைத்த அன்றுதான் மிஷினில் மை ஏற்றும் ரோலர் போய்விட்டது என்று தம்பி வந்து சொன்னான். வெளியூரிலிருந்து வர வேண்டுமாம், இழுத்துக்கொண்டே போகுமாம். "நீங்க எதுக்கு மாமா அலையறீங்க? எல்லாத்தையும் கழட்டிப் போட்டிருக்கு, ஒரே தூசி. உடம்பைத் தேத்துங்க. வந்ததும் நானே சொல்றேன்." அன்றிலிருந்து மிஷின் ஓடவில்லை. இவர் தினமும் குளித்து, சட்டை போட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்.

பிசைந்துகொண்டிருந்த விரல்கள் நின்றன.

மிஷின் ஓடவில்லை என்றால், மை யார் கையில் பட்டது?

காய்ச்சலுக்கு முன்னால்தான் புதுப் பாட்டில் கொடுத்தனுப்பினாள். இரண்டு பேர் அன்றாடம் தேய்த்தாலே நின்று வரும் பாட்டில் அது. ஒருவன் மட்டும், அதுவும் ஓடாத மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அதை எப்படி வழித்துத் தீர்த்தான்? மிஷினைக் கழற்றி வைத்திருக்கிறானே, கிரீஸ் இருக்காதா என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள். நல்ல பதில்தான். ஆனால் மனம் அதில் உட்காரவில்லை. மறுபடியும் விரலை விட்டுப் பிசைந்தாள். சர்க்கரை எப்போதோ பதத்துக்கு வந்துவிட்டிருந்தது. அது தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருந்தாள்.

எண்ணெயை விட்டுக் கிளறி, ஈரம் துளிகூட இல்லாமல் துடைத்த பாட்டிலில் அடைத்து, வெளிப்புடவைக்கு மாறினாள்.

கணவர் சோப்பு உறை ஒன்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வருகிற எந்த உறையையும் பெட்டியையும் அவர் அப்படிப் பார்க்காமல் விடுவதில்லை. "இங்க பாரு. சிவப்பு ஒரு மயிரிழை வெளிய நிக்குது. யாரு ஓட்டினானோ, மகாராசன்." பிறகு அவள் கையிலிருந்த பையைப் பார்த்தார். "மச்சான்தான் வந்து எடுத்துக்கறேன்னானே?"

"அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு. அப்படியே குடுத்துட்டு வந்துடறேன்."

"ரோலர் என்ன ஆச்சுன்னு கேளு. நானா கேட்டா, அவசரப்படறேன்னு நெனைப்பான்."

இரண்டு பஸ் மாறி இறங்கி, மருந்துக்கடையைத் தாண்டித் தெரு திரும்பினாள். திரும்பியதுமே கேட்டுவிட்டது. காகிதத்தை உறிஞ்சி எடுக்கும் சீறல், அதன் பின்னாலேயே ஒரு தட்டு, மறுபடி சீறல். அடுத்த கட்டிடத்திலும் அச்சகம் இருந்திருந்தால் அது அங்கே என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அடுத்த கட்டிடம் தையல்கடை. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மதியச் சாப்பாடு எடுத்துவந்து, அந்தச் சத்தம் நிற்கும்வரை வாசலில் காத்திருந்தவள் அவள். வழியில் யாராவது அவளை நிறுத்தி எதையாவது கேட்கக் கூடாதா, இன்னும் கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்கலாமே என்று தோன்றியது. யாரும் கேட்கவில்லை.

மிஷின் முன்னால் கணவர் நிற்கும் இடத்தில் கட்டை மீசை வைத்த ஓர் ஆள் நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். வெளியே வந்து விழும் தாள்களில் ஒன்றை உருவி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பார்க்காமலே ஒரு திருகைத் தொட்டுத் திருப்பினான். புது ஆள் தடவிப் பார்த்துத் திருப்புவது போல இல்லை. நன்றாகப் பழகிய கை.

தம்பி கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்தான். "நீ ஏன்க்கா வந்தே? நான்தான் வர்றேன்னேனே."

"ரோலர் வந்துடுச்சா?"

அவன் மிஷினைப் பார்த்தான். பிறகு அவள் பையைப் பார்த்தான். தான் போனில் என்ன கேட்டுத் தொலைத்தோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டான். சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டால் இப்படித்தான் நிற்பான்.

"வெளிய போயிடலாம் வா."

"இங்கயே சொல்லு. இந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போவுது."

"மாமாவுக்குக் கை நடுங்குதுக்கா."

அவள் பையை மறு கைக்கு மாற்றினாள்.

"ஆறேழு மாசமா. மருந்துப் பெட்டி ஆர்டர் ஒண்ணு, ஒரு கலர் மேல ஒரு கலர் உக்காரவே இல்ல. முழுசையும் திருப்பி அடிச்சேன், அவருக்குத் தெரியாம. அப்புறம் ஒரு காலண்டர். திருகைப் பிடிச்சார்னா அது எங்கயோ போய் நிக்குது. அவருக்கே தெரியுதா இல்லையான்னு எனக்குத் தெரியல. நான் எந்த வாயால சொல்றது? தொழில் கத்துக் குடுத்தவர்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? டாக்டர்கிட்ட காட்டியிருப்பேன்ல."

"சொல்லலாம் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"இந்த ஆள் எப்போ வந்தாரு?"

தம்பி தரையைப் பார்த்தான். "காய்ச்சலுக்கு முன்னாடியே பேசி வெச்சதுதான். எப்படிச் சேக்கறதுன்னுதான் முழிச்சிட்டிருந்தேன்."

"காய்ச்சல் வந்தது உனக்கு வசதியாப் போச்சு."

"ஐயோ, அப்படிச் சொல்லாதேக்கா."

"வேற எப்படிடா சொல்றது? ஆளைப் பேசி வெச்சுட்டு, ஆரஞ்சு உரிச்சு ஊட்டுனியே."

தாள் கட்டு முடிந்து மிஷின் நின்றது. சட்டென்று அறை வெறுமையாகிவிட்டது. புது ஆள் துணியில் கை துடைத்துக்கொண்டே வந்தவன், அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்த பாட்டிலைக் கண்டு முகம் மலர்ந்தான். "நீங்கதான் அந்தச் சர்க்கரை அக்காவா? முன்னாடி இருந்த எடத்துல நமக்கெல்லாம் மண்ணெண்ணெய்தான். இங்க வந்தப்புறம் என் சம்சாரமே கேக்கறா, யாரு கையி இதுன்னு."

பொய் பேசத் தெரியாத முகம். அவன்மேல் கோபம் வந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. பாட்டிலை எடுத்து அவனிடம் கொடுத்தாள். "ஈரக் கையை உள்ள விடாதீங்க, கரைஞ்சு போயிடும். காஞ்ச கையில தேய்ச்சிட்டு, அப்புறமா சோப்பு" என்று அவள் வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. சொல்லி முடித்ததும் அந்த வாயைப் பிடித்துக் கிள்ள வேண்டும் போல இருந்தது.

தம்பி வாசல்வரை வந்தான். "நீயே மாமாகிட்ட பக்குவமா சொல்லிடுக்கா. நீ சொன்னா தாங்கிப்பார்."

"நான் வந்து தெரிஞ்சுக்கட்டும்னுதான் சர்க்கரை கேட்டியா?"

"இல்லக்கா." அவன் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "உண்மையாவே தீர்ந்துபோச்சு."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் கணவரின் கையை நினைத்துப் பார்க்க முயன்றாள். எத்தனை வருஷம் பிடித்த கை, கண்ணை மூடினால் வந்து நிற்க வேண்டாமா? சமீபமாக மேல் பட்டனைப் போடாமல் விடுகிறாரே, அது புழுக்கத்தாலா? பூட்டைத் திறக்கச் சாவியை அவளிடம் நீட்டிவிட்டுப் பையை வாங்கிக்கொள்கிறாரே, அது மரியாதையா? பருப்பை ஸ்பூனில் எடுக்காமல் கிண்ணத்தோடு சாய்த்துக்கொள்கிறாரே? ஒவ்வொன்றும் நேற்றுவரை ஒரு மாதிரி இருந்தது. தம்பி சொன்ன ஒரு வார்த்தை அத்தனையையும் வேறு நிறத்தில் மறுபடி அச்சடித்துவிட்டது. எது முன்பே இருந்தது, எது இப்போது ஏறியது என்று பிரிக்க முடியவில்லை. அவர் நிற்கிற இடத்தை வேறு ஒருவனுக்குக் கொடுத்ததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம். அவரைப் பார்க்கிற அவள் கண்ணிலும் கை வைத்துவிட்டான், கூடப் பிறந்தவன். அதை எங்கே போய்க் கேட்பது. நடுக்கம் இல்லையென்றால் அவன் பொய்யன். இருந்தால், பக்கத்தில் படுத்துக்கொண்டே அதைப் பார்க்காதவள் அவள். அவள் பார்த்துவிடாதபடி அவரே மறைத்து வைத்திருந்தாரோ என்ற மூன்றாவது எண்ணம் வந்ததும், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

திரும்பி நடந்து வீடு வந்தபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். "ரொம்ப நேரம் ஆயிடுச்சே. ரோலர் என்ன ஆச்சாம்?"

"இருங்க, டீ போட்டுட்டு வர்றேன்."

"நீ குடிச்சியா?"

"இல்ல."

பால் பொங்கி அடங்கியது. டீயை வடிகட்டிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினாள். வழக்கமாக விரல் அகலம் விட்டு நிறுத்துகிறவள், இன்று நிறுத்தவில்லை. விளிம்பைத் தொட்டு, விளிம்புக்கும் மேலே டீ லேசாகப் புடைத்து நின்றபோதுதான் தான் என்ன செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சம் திருப்பிக் கொட்டிவிடலாம். வடிகட்டியைக் கீழே வைத்தாள். டம்ளரைத் தட்டில் ஏந்தி, ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுபோய் அவர் முன்னாலிருந்த சின்ன மேசையில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள். தம்பியும் இப்படித்தான் நின்றிருப்பான், மிஷின் பக்கத்தில், மாதக்கணக்கில், ஒன்றும் சொல்லாமல், கையையே பார்த்துக்கொண்டு.

அவர் டம்ளரைப் பார்த்தார். அப்புறம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன, இப்படித் தளும்பத் தளும்ப ஊத்தியிருக்கே" என்றார் மெதுவாக.

அவர் கைகள் இரண்டும் மடியில், விரித்த செய்தித்தாளுக்கு அடியில் இருந்தன. நிரம்பி வழியப்போகும் டம்ளரிடம் யாரும் செய்வதுபோல, அவர் குனிந்து, உதட்டை விளிம்புக்குக் கொண்டுபோய் ஒரு வாய் உறிஞ்சினார். பிறகு இன்னொரு வாய். டீ கீழே இறங்கி, எடுத்துக் குடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவர் இன்னும் நிமிரவில்லை. எழும்பிய ஆவி அவர் மூக்குக்கண்ணாடியில் படிந்து இரண்டு வட்டங்களும் வெள்ளையாகிவிட்டன.