மச்சான் நட்ட சரிவு

மழைக்காலத்தில் வீட்டுக்கு வண்ணம் பூச யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பெயிண்டர் மலையில் மரம் நடும் வேலைக்குப் பெயர் கொடுத்தார். "இவனையும் கூட்டிட்டுப் போங்க, அங்கயாவது உருப்படட்டும்" என்று மனைவி தன் தம்பியையும் அவர் தலையில் கட்டினாள். மச்சான் வெயில் ஏறுவதற்கு முன் கண் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. குடித்த தம்ளரை நகர்த்தி வைப்பதற்கே ஆள் தேடுவான்.

வந்த முதல் வாரமே பெயிண்டருக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. கூடாரமெல்லாம் ஈரச் சாக்ஸ் நாற்றம். படுத்தால் முதுகுக்கடியில் ஒரு கல், அதை எடுத்தால் இன்னொன்று. வீட்டில் இந்நேரம் சின்னவள் படிக்கமாட்டேன் என்று அம்மாவிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். அந்தக் கூச்சல் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று போன் போட்டால், மனைவி முதலில் கேட்பது தம்பியைத்தான்.

"நேரத்துக்கு எந்திரிக்கிறானா?"

"அவன்தான் என்னை எழுப்புறான்."

"சும்மா அவனுக்குப் பரிஞ்சு பேசாதீங்க."

கண்ணால் பார்த்த பெயிண்டராலேயே நம்ப முடியவில்லை. இடுப்புப் பை நிறையக் கன்றுகளோடு மச்சான் சரிவில் ஏறுவான். மண்வெட்டியால் ஒரு குத்து, லேசாக ஒரு சாய்ப்பு, கன்று உள்ளே, குதிகாலால் ஒரு மிதி. அதற்குள் அடுத்த இடத்தைக் கண் பிடித்திருக்கும். அவசரப்படுகிற மாதிரியே தெரியாது. ஆனால் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எங்கோ மேலே போயிருப்பான்.

ஒருநாள் மத்தியானம் மேஸ்திரி, பெயிண்டர் நட்டிருந்த பக்கம் வந்து, ஒரு கன்றை இரண்டு விரலால் இழுத்தார். ஆடுகிற பல் மாதிரி கையோடு வந்தது. இன்னொன்றும் வந்தது. வேர் மடங்கிக் கிடந்தது.

"அண்ணே, இது நட்டது இல்ல, சொருகினது. எல்லாத்தையும் எடுத்து மறுபடி நட்டுடுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். பெயிண்டர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலேயிருந்து பார்த்துவிட்டு மச்சான் இறங்கி வந்தான்.

"நாளைக்குச் சாமான் லாரி வருது. நான் கிளம்புறேன்டா."

"சரி அத்தான்."

"ஒரு பேச்சுக்காவது வேணாம்னு சொல்ல மாட்டியா?"

"எனக்கும்தான் தினம் கிளம்பிடலாம்னு இருக்கு. அக்கா திட்டாம காதெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கு."

"உனக்கென்ன, கை வச்சாலே நேரா நிக்குது."

மச்சான் சிரித்தான். "முதல்ல நான் நட்டதும் இப்படித்தான் கையோட வந்துச்சு. விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போவேன். எல்லாத்தையும் எடுத்து மறுபடி நட்டுட்டு வந்துதான் உங்களை எழுப்பினேன். நீங்க நல்லாத் தூங்கிட்டு இருந்தீங்க."

பெயிண்டர் மேலே மச்சான் நட்ட சரிவைப் பார்த்தார். முணுமுணுக்காமல், ஒருவரிடமும் சொல்லாமல், தான் நட்டதைத் தானே பிடுங்கி நட்டிருக்கிறான். தம்ளரை நகர்த்தாத பிள்ளை.

"எந்திரிங்க அத்தான். லாரி நாளைக்குத்தானே? கன்னை ஆழமா விட்டு, மிதிக்கிறதுக்கு முன்னாடி லேசா மேல இழுங்க. வேர் தானா நேராயிடும்."

இருட்டுக் கட்டும்வரை இருவரும் குனிந்த முதுகு நிமிரவில்லை. கடைசியில் பெயிண்டர் தான் நட்ட ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இன்னும் பலமாக இழுக்கப் போனவரை, "போதும், விடுங்க. பாவம்" என்று மச்சான் தடுத்தான்.

மறுநாள் லாரி வந்தது. பெயிண்டர் கன்றுப் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு, அதில் தன் பங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவதற்குச் சரிவை நோக்கி நடந்தார். லாரியில் வந்திறங்கிய புது ஆள் ஒருவர், மேலே மளமளவென்று போய்க்கொண்டிருந்த உருவத்தைப் பார்த்து, "யாருங்க அது, இந்தப் போடு போடுறாரு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு ஆளு" என்றார் பெயிண்டர்.