பட்டறை வெளிச்சம்

காலையிலிருந்து வெல்டிங் வைத்ததில் கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல உறுத்தியது. அந்தக் கண்ணோடுதான் மகளைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தலையில் வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தது.

போன மாதமே அவர் பொறுமையாகச் சொன்னார்: "புற ஊதா ஒளி குடுக்கலாம். ஆனா பலன் நிச்சயமில்ல. தோல் பொசுங்கலாம், பின்னாடி புற்றுநோய் பயமும் கொஞ்சம் இருக்கு. சின்னப் பொண்ணு, தானாவே முளைக்கலாம். காத்திருப்போம்."

பள்ளியில் பிள்ளைகள் அவளை 'ஓட்டைத் தலை' என்று கூப்பிட்டார்கள். எனக்குக் காத்திருக்கப் பொறுக்கவில்லை. வெல்டிங் நெருப்பிலும் அதே ஒளிதானே என்று ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கூட்டிப்போனேன். அவள் கண்ணைத் துணியால் கட்டி, தலையைக் குனியச் சொல்லி, பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டில் பத்து நிமிடம் வெல்டிங் வைத்தேன். சாயங்காலத்துக்குள் தலை கொப்பளித்துவிட்டது.

"இது எப்படி ஆச்சு?" என்றார் டாக்டரம்மா, கொப்புளங்களைப் பார்த்து.

நான் வாயைத் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள். "தொப்பி போடாம வெயில்ல ஆடுனேன் டாக்டர். அப்பா அப்பவே திட்டுனாங்க."

"அப்பா பேச்சக் கேக்கணும்ல, வாலு?"

என்னைப் பார்த்தார். கல்லுளிமங்கன் மாதிரி தலையை மட்டும் ஆட்டினேன்.

வெளியே வந்ததும், "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ செஞ்சேன்னு தெரிஞ்சா உனக்குல்ல ஊசி போடுவாங்க" என்று சிரித்தாள்.

டாக்டரம்மாவிடம் சொல்லவேண்டிய ஓர் உண்மையும் என் மகளிடம் கேட்கவேண்டிய ஒரு மன்னிப்பும் என்னிடம் இன்னும் பாக்கி.