இரண்டு புள்ளடி

உலகத்தில் வேறு என்ன இல்லாவிட்டாலும் படிவம் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் படிவம் நிரப்புகிற விஷயத்தில் எந்தப் பட்டதாரியும் என்னை வெல்ல முடியாது. பட்டதாரி படிவத்தை நம்புகிறான். நான் நம்புவதில்லை.

1997 பங்குனியில் என் மகள் அனிற்றா ஒரு படிவத்தோடு வந்தாள். உல்லாசக் கப்பல் கம்பெனி ஒன்று, இத்தாலியில் நாங்கள் இருக்கிற பலேர்மோ துறைமுகத்தில் ஆள் எடுத்தது. வெள்ளைச் சட்டை போட்டு, வரவேற்பு மேசையில் நின்று, நான்கு மொழியில் சிரிக்கிற வேலை. அனிற்றாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மூன்று வருடமாக ஒரு பணக்கார இத்தாலிச் சிஞ்ஞோராவின் வீட்டில் தரை துடைத்தபடி, பின்னேரங்களில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்தாள். இந்த வேலை கிடைத்தால் அந்தத் தரையை இனிச் சிஞ்ஞோராவே துடைக்கலாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

பெயர், உயரம், சொத்தைப் பல் எத்தனை என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒன்பதாவது கேள்வி: இனம். ஐரோப்பியர், ஆபிரிக்கர், ஆசியர், ஏனையோர் என்று நான்கு பெட்டிகள். ஒன்றில் மட்டும் புள்ளடி இடவும். கம்பெனி எந்த நாட்டுக்காரனுடையதோ தெரியாது. இத்தாலிக்காரன் இதைத் தாளில் கேட்கமாட்டான். பஸ்ஸில் முகத்துக்கு நேரே கேட்பான்.

என் பெயர் விக்னராஜா. யாழ்ப்பாணத்தான். 1971இல் சரக்குக் கப்பலில் சமையலாளாக வந்து, இங்கே இறங்கி, திரும்ப ஏற மறந்தவன். மனைவி கத்தரீனா இந்த ஊர்க்காரி, கபோ சந்தையில் ஒலிவ்காய் விற்கிற குடும்பம். கல்யாணத்தன்று அவளுடைய மாமன்மார் என்னைத் துருக்கன் என்றார்கள். கறுத்தவன் எவனும் இவர்களுக்குத் துருக்கன்தான். அனிற்றா பிறந்தாள், அவளும் துருக்கச்சி. எங்கள் சனம் மட்டும் திறமோ? சாமத்திய வீடு, கல்யாண வீடு என்று போனால், "வெள்ளைக்காரப் பெட்டை, உறைப்புத் தாங்கமாட்டாள்" என்று அவளுக்குத் தனியாகப் பருப்பு வைப்பார்கள். வீட்டில் பச்சை மிளகாயைக் கடித்துத் தின்கிற பிள்ளை அது.

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு?" என்றாள் கத்தரீனா. இருபத்தைந்து வருடத்தில் என்னிடம் தமிழ் படித்து, அதை என்னைத் திட்டுவதற்கு மட்டும் பாவிக்கிறவள். "கபோவிலை பிறந்த பிள்ளை. ஐரோப்பியர் எண்டு போடு."

"அப்ப நான் ஆர்? இந்த வீட்டிலை வாடகைக்கு இருக்கிறவனோ?"

"வாடகைக்காரன் எண்டால் உன்னை எப்பவோ எழுப்பியிருப்பன்."

அனிற்றா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனாவை எடுத்து, ஐரோப்பியரில் ஒன்று, ஆசியரில் ஒன்று, நல்ல தடிப்பாக இரண்டு புள்ளடி போட்டாள்.

"ஒண்டுதான் போடச் சொல்லிக் கிடக்கு, பிள்ளை."

"நான் ஒண்டில்லையே, அப்பா. பஸ்தா, போதும்."

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை. படிவத்தை நான்தான் கொண்டுபோனேன். போகிற வழியில், வுச்சீரியாச் சந்தையில், அலோசியசின் கடை. மன்னார் ஆள். மீன் ரின்னும் மிளகாய்த்தூளும் விற்கிறான். எங்கள் சனத்தின் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, பொலிஸ் காகிதம் எல்லாம் அவன் கையால்தான் நிரம்பும். அவனிடம் காட்டாமல் ஒரு தாளைக் கொடுப்பது எங்கள் ஆட்களுக்கு மருந்து குடிக்காமல் காய்ச்சலில் கிடப்பது மாதிரி.

"ரெண்டு புள்ளடி எண்டால் குப்பைக்குத்தான் அண்ணை," என்றான். "கொம்பியூட்டர் துப்பிப்போடும். ஒண்டை அழியுங்கோ."

"எதை?"

"அது உங்கடை வீட்டுப் பிரச்சினை." வெள்ளை மைப் போத்தலை என் முன்னால் தள்ளினான்.

யோசித்தேன். எங்கள் நாட்டுப் பிறப்புப் பத்திரத்தில் தகப்பனின் இனத்துக்கு ஒரு வரி உண்டு. அதைப் பார்த்துத்தான் பிள்ளை எது என்று சொல்வார்கள். ஒரு காகிதம் சொன்னதை இன்னொரு காகிதம் மறுக்கக்கூடாது என்பது என் சட்டம். விக்னராஜா என்று சரக்கு ரயில் நீளத்துக்குப் பெயரை எழுதிவிட்டு ஐரோப்பியர் என்றால் எவன் நம்புவான்? 1958 கலவரத்தில் கொழும்பில் என்னை நடுறோட்டில் மறித்து இனம் கேட்டார்கள். கேட்டவர்களின் கையில் பேனா இருக்கவில்லை. அன்றைக்குப் பொய் சொல்லித் தப்பினேன். இந்த முறையாவது உண்மையைச் சொல்வோம் என்று நினைத்தேன். அதாவது, பாதி உண்மையை.

மறைப்பானேன், எனக்கும் ஒரு ஆசை இருந்தது. பிள்ளையின் மூக்கு, கோபம், சமையல் எல்லாம் தாயின் பக்கம். ஒரு புள்ளடியாவது என் பக்கம் இருக்கட்டுமே.

ஐரோப்பியரின் மேல் மையைப் பூசினேன். ஐரோப்பியரை வெள்ளையால் மறைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பத்தாம் நாள், படிவத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு கடிதம். ஆசிய விண்ணப்பதாரிகளுக்குச் சலவைப் பகுதி மட்டும். பத்து மாத ஒப்பந்தம். கொழும்பு முகவர் ஊடாகவே விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு நடை பதினைந்து நிமிடம். கொழும்பை அனிற்றா தேசப்படத்தில் கண்டதோடு சரி.

அவள் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது ஆர் பூசினது?"

அலோசியசின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. "நான்தான்," என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தரீனா இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தினாள்.

"தனிப் பருப்பு வைக்கிற சனத்தை விட நீங்கள் மோசம், அப்பா," என்றாள் அனிற்றா. "அவை சாப்பாட்டுக் கோப்பையிலைதான் பிரிச்சவை."

அடுத்த நாள் அவள் துறைமுக அலுவலகத்துக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. பத்தடி பின்னால் நானும் போனேன். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பையன் மேசைக்குப் பின்னால் இருந்தான். பட்டி கட்டினவனை நான் பொதுவாக நம்புவதில்லை.

"ஆசியர் என்றுதானே இருக்கிறது, சிஞ்ஞோரீனா," என்றான் இத்தாலிய மொழியில்.

எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக் கதவுத் திறப்பை எடுத்து, அதன் பல்லால் அவன் கண் முன்னால் அந்த வெள்ளை மையைச் சுரண்டினேன். "கீழை பார் தம்பி! பிள்ளை போட்டது. நான்தான் மறைச்சனான்!" அவசரத்தில் தமிழிலேயே கத்திவிட்டேன். மை போகவில்லை, தாள் போனது. தூக்கிப் பிடித்தால், ஐரோப்பியர் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. அதற்குள்ளால் அவனுடைய கழுத்துப்பட்டி தெரிந்தது.

"யார் இவர்?" என்று அனிற்றாவைக் கேட்டான். "உங்கள் அப்பாவா?" என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். இந்தப் பார்வை எனக்குப் பழக்கம். அனிற்றா என்ன சொல்வாளோ என்றுதான் பயந்தேன். அன்றைக்கு மறுத்திருந்தாலும் அவளில் பிழையில்லை.

"ஓம்," என்றாள் தமிழில். பிறகு அவனுக்கு விளங்க, "ஸீ." பிறகு ஓட்டையைப் பார்த்தாள். சிரிப்பு அவளை மீறி மூக்கால் வந்தது.

பையன் புதுப் படிவம் ஒன்று தந்தான். "ஒன்றில் மட்டும்," என்றான். அவள் இரண்டில் போட்டு அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் படிவத்தைப் பார்த்தான். மணிக்கூட்டைப் பார்த்தான். மதியச் சாப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. இத்தாலியில் அதை மீறிய சட்டம் எதுவும் கிடையாது. படிவத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து, ஒன்றை ஐரோப்பாத் தட்டிலும் மற்றதை ஆசியாத் தட்டிலும் போட்டான்.

"மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்," என்றான்.

மேலே இருப்பவர்கள் பார்த்தார்கள். சித்திரையில் கம்பெனியின் ஜெனோவா அலுவலகத்திலிருந்து கடிதம்: வரவேற்பு மேசை, ஆறு மாதம். வைகாசியில் அனிற்றா கப்பல் ஏறினாள். அவள் போய் இரண்டு கிழமையில் கொழும்பு முகவரிடமிருந்து இன்னொரு கடிதம்: சலவைப் பகுதி, பத்து மாதம், உடனே நேரில் வரவும். என் மகளின் இரண்டு பாதிக்கும் ஒரே கம்பெனி வேலை கொடுத்துவிட்டது. ஒரு பாதிக்கு மேல்தட்டு, மற்றதற்கு அடித்தட்டு.

அனிற்றா மார்செய் துறைமுகத்திலிருந்து ரெலிபோன் எடுத்தபோது இதைச் சொன்னேன்.

"கடிதத்தை எறியாதேங்கோ, அப்பா," என்றாள். "வெள்ளையும் பூசாதேங்கோ."

"வேலை எப்பிடி?"

"நல்லம். ஆனால் வாற சனமெல்லாம் எந்த ஊர் எண்டு கேக்குது. பலேர்மோ எண்டால், இல்லை, உண்மையா எந்த ஊர் எண்டு திருப்பிக் கேக்கினம்."

"நீ என்ன சொல்லுறனீ?"

"முதல் கிழமை முழுக்க அம்மா, அப்பா எண்டு விளங்கப்படுத்தினன். ஒருத்தரும் நம்பேல்லை. இப்ப துருக்கி எண்டு சொல்லுறன். உடனை நம்பிடினம்."