பத்துக்குப் பத்து

கையில் வளையல் இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் போட்ட முதல் விதி. கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்காட்லாந்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகமும் எங்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றும் சேர்ந்து, செஞ்சி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் சுகரும் பிரஷரும் பார்க்கிற எங்களுக்குப் பயிற்சி நடத்த வந்திருந்தார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் புருஷன் உயிரோடு இருக்கும்போது கண்ணாடி வளையலைக் கழற்றி வைப்பது இந்த ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

"எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணுன்னா அந்தம்மாவா வந்து பதில் சொல்லும்?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த கவிதா முணுமுணுத்தாள். அந்தம்மா என்றது பேராசிரியை பியோனாவை. வெள்ளை முடியும் பருத்திச் சேலையுமாக வந்திருந்தார். சேலைக்கு எத்தனை ஊக்கு குத்தியிருந்தார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். வளையலுக்கு அடியில் கிருமி எப்படித் தங்குகிறது என்று படம் போட்டுக் காட்டினார். நாங்கள் படத்தைப் பார்த்துத் தலையாட்டினோமே தவிர, ஒருத்தியும் வளையலில் கை வைக்கவில்லை.

அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல டாக்டர் எழிலரசன் இருந்தார். கல்லூரிக்காரர். இரண்டு பக்கமும் திட்டு வாங்காமல் அவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். கழற்ற வேண்டாம், முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். வகுப்பில் கட்டினோம். வெளியே வந்ததும் அவிழ்த்துவிட்டோம்.

கற்றுக் கொடுத்தது கால் பரிசோதனை. சுகர் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும், முள் குத்தினாலும் தெரியாது, தெரியாமலே புண் புரையோடிக் கால் போய்விடும் என்று விளக்கினார்கள். இதை எனக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. என் நைனா கலியபெருமாள் விவசாயிகள் நெல் கொண்டுவந்து விற்கிற கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். அவரோடு கூட மூட்டை தூக்கிய பச்சமுத்துவுக்குப் போன வருஷம் சுகர் புண்ணால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நைனா அந்தப் பக்கமே போவதில்லை. நைனாவுக்கும் சுகர் வந்து பல வருஷம் ஆகிறது.

பரிசோதனைக்குப் பெரிய கருவி ஒன்றுமில்லை. ஒரு பிளாஸ்டிக் பிடி, அதன் நுனியில் தூண்டில் நரம்பு போல ஒரு துண்டு நைலான். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாதத்தில் பத்து இடத்தில் அந்த நரம்பை வளையும் அளவுக்கு வைத்து எடுப்போம். தெரிந்தால் 'ஆமா' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கடைசி நாள் பரீட்சை. தேறுகிறவர்களில் ஒருத்தியை வட்டாரத்துக்கே பயிற்சி கொடுக்கிறவளாக எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்த இடம் எனக்கு வேண்டும் என்று தவித்தேன். என்னைவிட நைனா தவித்தார். கமிட்டியில் மூட்டை தைக்கிற பெண்களிடமெல்லாம் "எம் பொண்ணு மஞ்சுவ வெள்ளக்காரங்க பரீட்ச வெக்கிறாங்க" என்று சொல்லி வைத்திருந்தார்.

வீட்டில் நைனாவின் காலை வைத்துத்தான் பழகினேன். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நான் நரம்பை வைக்க வைக்க, "ஆமா... ஆமா..." என்பார். ஒரு இடம்கூடத் தப்பியதில்லை. பத்துக்குப் பத்து. மறுநாளும் பத்துக்குப் பத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷ சுகருக்கு இப்படி ஒரு காலா என்று தெருவெல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரர் இளவழகன்கூட, "உங்க நைனா காலுக்குத் திருஷ்டி சுத்திப் போடு" என்று கிண்டல் பண்ணினார்.

பரீட்சைக்கு ஆளுக்கு ஒரு நோயாளியை அழைத்துவர வேண்டும். நான் சொல்லி வைத்திருந்த சுந்தராம்பாள் அக்கா, மண்டகப்பட்டில் கல்யாணம் என்று அதிகாலை பஸ்சிலேயே போய்விட்டாள். வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டு நின்றேன். நைனா தேய்த்த வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார்.

"நான் வரேம்மா. எங்காலுதான் நல்லா பதில் சொல்லுமே."

எனக்கு உயிர் வந்தது.

கூடத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். நைனா காலைச் செங்கல்லால் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார். பியோனா அம்மா மார்க் போடும் தாளோடு ஒரு பக்கம், டாக்டர் மறு பக்கம். வளையலை ஏற்றிக் கைக்குட்டையால் கட்டினேன், கையுறை போட்டேன். முதலில் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தேன். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கால். வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே தோல் தடித்து, நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. கமிட்டித் தரையில் நடக்கிற காலில் அப்படிப் பத்து புள்ளி இருக்கும். "காய்ப்பு இருக்குது சார்" என்று சொல்லிவிட்டு நரம்பை எடுத்தேன்.

பெருவிரலில் வைத்தேன். நைனா ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த இடம். ஒன்றும் சொல்லவில்லை. மூடிய கண்ணுக்குள் விழி மட்டும் அலைந்தது. தூங்கிவிட்டாரா என்று பார்த்தேன், இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பவர் மாதிரி இருந்தார். யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"ஆமா" என்றார் நைனா.

அப்போது என் கை காற்றில் இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். பயத்தில் குழம்புகிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் குனிந்தேன். கைக்குட்டை முடிச்சு தளர்ந்து, வளையல் எல்லாம் கலகலவென்று மணிக்கட்டுக்கு இறங்கியது.

"ஆமா." அவர் முகம் தெளிந்துவிட்டது.

நான் இன்னும் காலைத் தொடவில்லை.

அப்போதும் நம்ப மனம் வரவில்லை. நரம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையை மட்டும் லேசாக அசைத்தேன்.

"ஆமா."

இன்னொரு தடவை அசைத்தேன்.

"ஆமா."

பியோனா அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்குப் புரிந்துவிட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. என்ன சொல்ல வேண்டுமோ அதை நான்தான் சொல்ல வேண்டும். வீட்டில் இரண்டு தடவை பத்துக்குப் பத்து போட்டவள் நான், பெஞ்சில் படுத்திருப்பவர் என் நைனா. வளையலைக் கட்டிக்கொண்டு, பயந்துவிட்டார் சார், வேறு ஆளை வைத்துச் செய்கிறேன் என்று சொல்லியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அந்த நினைப்பும் வந்துதான் போனது.

"சார், எங்க நைனாவுக்குக் காலுல எதுவுமே தெரியல. வளையல் சத்தத்தக் கேட்டுக் கேட்டு ஆமான்னு சொல்லிக்கினு இருக்காரு. வூட்லயும் அப்டித்தான் சொல்லியிருக்காரு."

நைனா கண்ணைத் திறந்தார். "தெரியுதும்மா. நல்லாவே தெரியுது. நீ மறுபடி வெச்சிப் பாரு."

நான் நரம்பை எடுக்கவில்லை. அந்தக் கறுப்புப் புள்ளிக்குத் திரும்பிப் போனேன். கட்டைவிரலால் அழுத்தினேன். தடித்த தோல் விரிந்து சீழ் வந்தது. அழுத்துகிற விரலுக்கு அடியில் ஏதோ கெட்டியாகத் தட்டியது. நைனா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி. ஒரு சுளிப்பு இல்லை.

டாக்டர் இடுக்கியால் இழுத்தார். துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று வந்தது. பார்த்ததுமே நைனாவுக்கு அடையாளம் தெரிந்தது.

"கோணி ஊசி மொனம்மா இது. மூட்ட தைக்கிறவங்க ஒடிச்சிப் போட்ருப்பாங்க." யாருடைய காலையோ பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

"எத்தனி நாளா நைனா இதோட நடந்துகினு இருக்கற?"

"தெரியலியேம்மா."

பியோனா அம்மா மார்க் தாளைத் தரையில் வைத்துவிட்டு, புதுக் கையுறை மாட்டி, கால்மாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தார். நைனா பதறிக் காலை இழுத்துக்கொண்டார். வயதான அம்மா தன் காலைத் தொடுவதா என்று அவருக்குக் கூச்சம். அந்த அம்மா விடவில்லை. குதிகாலை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டு, புண்ணை முகர்ந்து, சுற்றிலும் தொட்டுப் பார்த்து டாக்டரிடம் ஏதோ சொன்னார்.

"ஆழமா போயிருக்குது. ஆனா இன்னைக்கே முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா காலக் காப்பாத்திடலாம்னு சொல்றாங்க" என்றார் டாக்டர். "மஞ்சு, நீ கூடப் போ. பரீட்ச இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பெருவிரல் போயிற்று. கால் தப்பியது. ஆனால் அந்த நிமிஷத்தில் எதுவும் எங்களுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டு டீக்கடை வாசல்தான் என் கண்ணில் நின்றது. நைனாவுக்கும் அதுதான் நின்றிருக்க வேண்டும், முகம் செத்துவிட்டது. இருந்தாலும் அவர் கேட்டது காலைப் பற்றி இல்லை.

"டாக்டரு, அந்தம்மாகிட்ட ஒண்ணு சொல்லு சாமி. பதில தப்பா சொன்னது நானு. எம் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. அவளுக்கு மார்க்க கொறைக்க வேணாம்னு சொல்லு."

டாக்டர் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார்.

"ஏன் நைனா இப்டி பண்ண?" என்றேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன். "மொத நாளே தெரியலன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். மொத வாட்டி வளையல் சத்தத்துக்கு ஆமான்னேன், நீ சிரிச்ச. அப்புறம் எப்டிம்மா இல்லன்னு சொல்றது?"

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால், அவர் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். சீழும் ரத்தமும் கையுறையில் வழிந்தன. நைனா எழுந்து உட்கார்ந்து என் தலையைத் தடவினார்.

"அழாதம்மா. சத்தியமா சொல்றேன், வலிக்கவே இல்ல."

"அதுக்குத்தான் நைனா அழுவுறேன்."