பத்து மணிக்கு முடியாது, பன்னிரண்டுக்கு முடியும்

அந்தத் தெருவே சமூகப் பணியாளரை மேடம் என்றுதான் கூப்பிடும். மேடம் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் தலைகீழாக நின்றாவது முடிப்பார். இந்தத் தடவை எடுத்தது தையல்கார அக்காவின் வீட்டு விஷயம்.

அக்காவுக்குப் பிறவியிலேயே கால்களில் பலமில்லை. இரண்டு கைகளிலும் கட்டைகளை ஊன்றித்தான் நடப்பார். நாற்பது வயதுவரை அண்ணன் வீட்டுக் கூடத்தில், ஒரு திரைக்குப் பின்னால் படுத்தாயிற்று. அண்ணி நல்லவள்தான். ஆனால் திரையை யார் தட்டிவிட்டு விலக்குவார்கள்? தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு, உள்ளே கையால் சுற்றும் தன் தையல் மிஷின், தன் கட்டில். அக்கா கேட்டது அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு அலுவலகங்கள் மனசு வைக்க வேண்டியிருந்தது. வீட்டு வசதி அலுவலகம், தரைத்தள வீட்டைத் தனியாக வாழ முடிந்தவர்களுக்குத்தான் கொடுக்கும். நல அலுவலகம், தினம் இரண்டு மணி நேரம் வந்து போகும் உதவியாளரைத் தனியாக வாழ முடியாதவர்களுக்குத்தான் அனுப்பும். அக்காவுக்கோ இரண்டும் வேண்டும். வாளி தூக்கவும் துணி துவைக்கவும் ஆள் இல்லாமல் புது வீட்டில் ஒரு வாரம் ஓட்ட முடியாது. இந்த விதிகளை எழுதிய இரண்டு புண்ணியவான்களும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறைகளில் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மேடம் அசரவில்லை. ஒரே நாளில் நல அதிகாரிக்குப் பத்து மணி, வீட்டு வசதி அதிகாரிக்குப் பன்னிரண்டு மணி என்று நேரம் வாங்கிவிட்டார்.

"அக்கா, பத்து மணிக்கு உங்களால டீ போட முடியாது. கை நடுங்கணும். பன்னிரண்டு மணிக்கு ஜோரா போட்டுக் காட்டணும்."

"நடுவுல எப்படிச் சரியாச்சுன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. ஃபாரத்துல அந்தக் கேள்வியே இல்ல."

மூன்று நாள் ஒத்திகை நடந்தது. எவ்வளவு முயன்றும் அக்காவுக்கு நடுக்கம் வரவில்லை. இருபது வருஷம் ஊசியில் நூல் கோர்த்த கை அது. மேடமே நடுங்கிக் காட்டினார். மேடமுக்கு அருமையாக வந்தது.

குறித்த நாளில் பத்து மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர்கள் இரண்டு பேர்.

"இன்னொரு ஜீப் ரிப்பேர். அதான் சேர்ந்தே வந்துட்டோம்" என்றார் வீட்டு வசதி அதிகாரி.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரிகள் கூடத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஃபாரத்தை விரித்தார்கள். இரண்டிலும் நாலாவது கேள்வி ஒன்றேதான்: டீ போட்டுக் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் உதவியாள் போச்சு. முடியாது என்றால் வீடு போச்சு.

"அது வந்து சார்..." என்று மேடம் இழுத்தார்.

"நீங்க உக்காருங்க மேடம்" என்றார் அக்கா.

கட்டைகளை ஊன்றிச் சமையலறைக்குப் போனார். அங்கே அவற்றைச் சுவரில் சாத்திவிட்டு, மேடையோடு இடுப்பைச் சாய்த்து நின்று டீ போட்டார். வாசனை கூடம்வரை வந்தது. பிறகு குரல் வந்தது.

"டீ ரெடி சார். ஆனா ரெண்டு கையும் கட்டையப் புடிக்கவே சரியா இருக்கு, தூக்கிட்டு வர முடியாது. குடிக்கிறவங்க வந்து எடுத்துக்கங்க."

அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எழுந்து போய் எடுத்துக்கொண்டார்கள். குடித்து முடித்ததும் வீட்டு வசதிக்காரர் 'முடியும்' என்று எழுதினார். நலக்காரர் 'முடியாது' என்று எழுதினார். உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து இருவரும் உண்மையை மட்டுமே எழுதிய முதல் ஃபாரம் அதுவாகத்தான் இருக்கும். இரண்டிலும் கையெழுத்து விழுந்தது, முத்திரையும் விழுந்தது. ஜீப் போய்விட்டது.

மேடமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கோபமும் தாங்கவில்லை.

"இத எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா! மூணு நாள் நான் கெடந்து நடுங்கினேனே!"

"ரெண்டு வருஷமா வர்றீங்க மேடம். எனக்கு என்ன முடியும், என்ன முடியாதுன்னு ஒவ்வொரு தடவையும் எங்க அண்ணிகிட்டதான் கேட்டீங்க. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்."

மேடமுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று மாலை எழுதிய அறிக்கையில் 'சமூகப் பணியாளர் அளித்த பயிற்சி' என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டார்.