மாபெலின் இடது கண்

கனடாவின் ரெஜைனா நகரில் ஜனவரி மாதம் வீட்டுக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கமே பனிக்கட்டி பிடித்துவிடும். அந்த எரிச்சலில்தான் கணவன் வெர்னன் காற்றை ஈரமாக்கும் கருவியை அணைத்துவிட்டான் என்று நொரீன் நம்பினாள். இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்த தங்கைக்குத் துணையாக பக்கத்து ஊரான மூஸ் ஜாவில் இருந்துவிட்டு அவள் திரும்பியபோது, அவளுடைய செல்லம் மாபெல் கந்தலும் கிழிசலுமாகக் கிடந்தது.

மாபெல் ஒரு பால் பைத்தான், அதாவது பந்துப் பாம்பு. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு. எப்போதும் காலுறை கழற்றுவதுபோல ஒரே துண்டாகச் சட்டை உரித்துப் போடும். இந்த முறை காற்று காய்ந்து போனதில் பழைய தோல் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. இடது கண்தான் மோசம். கண்ணை மூடியிருந்த பழைய தோல் உரியாமல் வெளுத்துப் போயிருந்தது. பிடுங்கினால் கண் போய்விடும், அப்படியே விட்டாலும் போய்விடலாம்.

"உன்ன நம்பி விட்டுட்டுப் போனேன் பாரு, என்னச் சொல்லணும்," என்று கணவன்மேல் பாய்ந்தாள்.

"சுவரெல்லாம் பூசணம் பிடிக்குது நொரீன். நான் வீட்டப் பாப்பனா, பாம்பப் பாப்பனா?"

"ரெண்டையுந்தான். ஒரு பொத்தான அமுக்கினா விரலு தேஞ்சிடுமா?"

கல்யாணமான நாளிலிருந்து வெர்னன் அந்தப் பாம்பைத் தொட்டதில்லை. அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்வதால் அதற்கு அவன் வைத்த பெயர் 'உன் கழுத்துப்பட்டை'. அப்படிப்பட்டவன் அன்று சாயங்காலம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"சொல்லு, நான் என்ன செய்யணும்?"

நொரீனுக்கு நம்பவே முடியவில்லை. மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீரை வயிறு நனையும் அளவுக்கு ஊற்றி, மாபெலைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டார்கள். பிறகு ஈரத் துண்டை இருவருமாகத் தளர்வாகப் பிடித்து, அதன் வழியே பாம்பை ஊரவிட்டார்கள். இழுக்கக் கூடாது, அதுவாக உரசி உரசி உரித்துக்கொள்ள வேண்டும். தானியக் கிடங்கில் வேலை செய்து காய்ப்புப் பிடித்த அவன் கைகள் அவ்வளவு மெதுவாக நகரும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

"நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இவ்ளோ நேரம் குளிக்கல," என்றான். அவள் சிரித்துவிட்டாள்.

தினமும் சாப்பாடு முடிந்ததும் இதே வேலை. கைகள் துண்டைப் பிடித்திருக்க, வாய் சும்மா இருக்குமா? வருஷக்கணக்காகப் பேசாததையெல்லாம் பேசினார்கள். தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்து பயந்ததை அவள் சொன்னாள். அவன் கேட்டான், கேள்விகூடக் கேட்டான். கழுத்துப்பட்டை புண்ணியத்தில் புருஷன் திரும்பக் கிடைத்துவிட்டான் என்று மனசுக்குள் பூரித்துப் போனாள் அந்தப் பைத்தியக்காரி.

ஒரு சனிக்கிழமை, மீன் செதிலளவு தோல் ஒன்று துண்டோடு வந்தது. அடியில் இடது கண் கருகருவென்று பளபளத்தது. நொரீன் வெர்னனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"முழுசா சரியாயிடுச்சா? இனிமே ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு, அவன் கைபேசியில் அந்தக் கண்ணைப் படம் எடுத்தான். பெருமைப்படுகிறான் என்று நினைத்தாள்.

மறுநாள் அவள் மதியத்துக்குப் உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு இளம்பெண், கையில் சுத்தமான தலையணை உறை. பாம்பு வளர்ப்பவர்கள் பாம்பைக் கொண்டுபோவது அதில்தான்.

"நான் ஷெல்பி. மாபெல்லக் கூட்டிட்டுப் போக வந்தேன். உங்களுக்கு ஆஸ்துமா இப்ப எப்படி இருக்கு?"

"எனக்கா? ஆஸ்துமாவா?"

ஷெல்பியின் முகம் வெளிறியது. "அதனாலதான் பாம்பக் குடுக்கிறீங்கன்னு வெர்னன் சொன்னாரே. நீங்க ஊர்ல இல்லாதப்ப வந்து பாத்தேன். எங்க வீட்ல வேற பாம்புங்க இருக்கு. சட்டை ஒட்டின பாம்புக்கு நோய் இருக்கலாம்னு எங்கயும் சேக்க மாட்டாங்க. அந்தக் கண்ணு தெளிஞ்சதும் படம் அனுப்புங்கன்னேன். நேத்து அனுப்பினாரு." பின்னால் வந்து நின்ற வெர்னனைப் பார்த்தாள். "ஐயோ, மன்னிச்சிருங்க," என்று உறையை மடித்துக்கொண்டு பனியில் இறங்கிப் போனாள்.

நொரீன் கதவைச் சாத்தினாள்.

"எனக்கு அதப் பாத்தாலே குமட்டுது," என்றான் வெர்னன். "கேட்டா நீ குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"பாத்தியா!"

நியாயத்தைப் பாருங்கள்!

"பாம்புக்கு நீ செஞ்சது அதத் தொலைக்கத்தான், புரிஞ்சிடுச்சு. தினமும் என்கூட உக்காந்து பேசினியே வெர்ன், அது?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு, கேட்டால் உண்மையைச் சொல்கிற நல்லவன்போலச் சொன்னான்:

"பேசாம வேல செஞ்சா உனக்குச் சந்தேகம் வந்துடுமேன்னுதான்."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அத்தனை சொன்னவனுக்கு இன்னொன்று சொல்ல வாயா வலிக்கும்?